9 வருஷம் ஆச்சு, இன்னுமா ரெக்கார்டுல இருக்கும்?

கேள்வி: வணக்கம் சார். நாங்க கலிஃபோர்னியால இருக்கோம், ரெண்டு பேருக்கும் கிரீன் கார்டு. வீட்டுக்காரர் வேலை பார்த்த கடையில பண விஷயத்துல கிராண்ட் தெஃப்ட் (பெரிய தொகை திருட்டு) கேஸ் ஆகி ஃபெலனினு, அதாவது பெரிய குற்றம்னு தீர்ப்பு வந்து 9 வருஷம் ஆச்சு. 7 வருஷம் போனா தானா அழிஞ்சிடும்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க. சிட்டிசன்ஷிப் ஃபாரத்துல அதை எழுதணுமா? போன மாசம் ஒரு ஸ்பீடிங் டிக்கெட் வேற. தை மாசம் மதுரைல தங்கச்சி கல்யாணத்துக்கும் போகணும்.
- ஃப்ரீமாண்ட் வாசகி

பதில்: சகோதரி, ஃபாரத்தை இன்னும் அனுப்பலைல? அனுப்பாதீங்க, முதல்ல இதை முழுசா படிங்க.

டிக்கெட்டை நினைச்சு கவலை வேண்டாம், சாதாரண ஸ்பீடிங் டிஎம்வி (டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸ்) ரெக்கார்டுல 3 வருஷம் நிக்கும், அவ்ளோதான். குடிச்சிட்டு ஓட்டின கேஸா இருந்தா 10 வருஷம்.

ஃபெலனி அப்படி இல்ல. அந்த 7 வருஷக் கணக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, கலிஃபோர்னியால வேலைக்கு எடுக்கும்போது பேக்ரவுண்ட் செக் பண்ற கம்பெனிங்க 7 வருஷத்துக்கு மேல பழசான தண்டனையை பொதுவா ரிப்போர்ட்ல போடக்கூடாது, அதைத்தான் ஜனங்க அழிஞ்சிடும்னு சொல்லிக்கிறாங்க. ரிப்போர்ட்ல வராது, ஆனா எஃப்பிஐ கிட்ட கைரேகையோட அப்படியே இருக்கும். 2022-ல கையெழுத்தான எஸ்பி 731னு ஒரு சட்டமும் இருக்கு, தண்டனை முடிஞ்சு 4 வருஷம் புதுசா ஃபெலனி இல்லாம இருந்தா பல பழைய ஃபெலனிங்களுக்கு ரெக்கார்டை மறைக்கிற நிவாரணம் கிடைக்கும், வன்முறை, பாலியல் குற்றம் மாதிரி கேஸுக்கு மட்டும் கிடையாது. நல்ல சட்டம், ஒரு தப்புக்கு ஆயுசு முழுக்க வேலை கிடைக்காம அலையிறது கொடுமை.

ஆனா இமிக்ரேஷன்காரங்க இதை ஒத்துக்க மாட்டாங்க, நம்மாளுங்க மாட்டிக்கிறது இங்கதான். ஸ்டேட் கோர்ட் கேஸை துடைச்சு விட்டாலும் அவங்க கணக்குல பெரும்பாலும் அது தண்டனைதான், வருஷம் போச்சுன்னு மறையாது. என்-400ங்கிற சிட்டிசன்ஷிப் ஃபாரத்துல எக்ஸ்பஞ்ச் ஆன, அதாவது கோர்ட் துடைச்சு விட்ட கேஸையும் எழுதியே ஆகணும். மறைச்சு எழுதினா கைரேகை எடுக்கிற அன்னைக்கே வெளிய வந்துடும், அப்புறம் பழைய கேஸை விட பொய் சொன்னதுதான் பெரிய பிரச்சனையாயிடும்.

அதை விட முக்கியமா தீர்ப்புல எத்தனை நாள் தண்டனைன்னு போட்டிருக்குன்னு பாருங்க. திருட்டுக் கேஸ்ல 1 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை விதிச்சிருந்தா, அதை நிறுத்தி வெச்சு அவர் ஒரு நாள் கூட உள்ள போகலைனாலும் சரி, இமிக்ரேஷன் சட்டத்துல அது அக்ரவேட்டட் ஃபெலனிங்கிற ரொம்பக் கடுமையான குற்ற வகை ஆயிடலாம், அப்படி ஆனா சிட்டிசன்ஷிப் கிடைக்காது, நாடு கடத்துற கேஸ் கூட ஆரம்பிக்கலாம். சும்மா இருந்த ஃபைலை நாமளே அப்ளை பண்ணி அவங்க கையில குடுத்த மாதிரி ஆகக்கூடாது.

அதனால கேஸ் நடந்த கோர்ட்டுல சர்டிஃபைட் காப்பி வாங்கிக்கிட்டு, கிரிமினல் கேஸும் தெரிஞ்ச இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்க, ஃபாரம் நிரப்பிக் குடுக்கிற ஏஜென்ட் கிட்ட போகாதீங்க. கல்யாணத்துக்கு டிக்கெட் போடுறதும் வக்கீல் பார்த்த அப்புறம்தான், திருட்டுக் கேஸ் இருக்கிறவங்களை வெளிநாடு போயிட்டு திரும்பி வரும்போது ஏர்போர்ட்ல நிறுத்தி வைக்க முடியும். அவர் வர முடியலைனா தங்கச்சிக்கு வருத்தமாத்தான் இருக்கும், நீங்களும் பிள்ளைகளும் போயிட்டு வாங்க.