பாட்டியின் வைர அட்டிகை

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த தாத்தா, பாட்டிக்குச் செய்து கொடுத்த வைர அட்டிகையின் கற்கள் மங்கிவிட்டன. கற்களைப் பெயர்த்துக் கைச்சங்கிலி செய்யலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரி, அட்டிகையின் பின்புறத்தை முதலில் பாருங்கள். கற்களின் அடிப்பகுதி தங்கத்தால் மூடப்பட்டிருந்தால், உள்ளே ஒளியைத் திருப்பியனுப்பும் மெல்லிய தகடு வைக்கப்பட்டிருக்கலாம். வியர்வையும் நீரும் புகுந்து அத்தகடு கறுத்துவிட்டால், குறையற்ற வைரமும் மங்கலாகவே தோன்றும். அனுபவமுள்ள பத்தர் தகட்டை மாற்றினாலே பொலிவு திரும்பக்கூடும் என்பதால், இவ்வளவு நுட்பமான கைவேலையைக் கலைக்க வேண்டாமென்றே உங்களை வேண்டுகிறேன். இத்தகைய நகையை நீரில் ஊறவைக்கவும் கூடாது.

கைச்சங்கிலி வேண்டுமெனில் புதிதாகச் செய்யுங்கள். கழுத்தணியைவிட அது மேசையிலும் கதவிலும் அதிகம் இடிபடும். எனவே மென்மையான 916 (22 காரட்) தங்கத்தைவிட, 75 விழுக்காடு தங்கமுள்ள 18 காரட்டே கல்லை உறுதியாகப் பிடிக்கும். கல்லின் அடிப்புறம் திறந்திருந்தால் அதன் பட்டைகளுக்குள் ஒளி நன்கு புகும், கழுவுவதும் எளிது. ஒவ்வொரு கண்ணியும் முறுக்கிக்கொள்ளாமல் வளைகிறதா, கொக்கிக்குக் கூடுதல் பூட்டு இருக்கிறதா என்று வாங்குமுன் கையில் அணிந்தே சோதியுங்கள்.