பழைய பொம்மை கார்கள்: கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டார நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

வேலந்தாவளம்: அண்ணா, வளர்ந்தவர்கள் பொம்மை காரை அடுக்கி வைத்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

ஒவ்வொன்றிலும் செய்தவனின் யோசனை தெரியும். லண்டன் லெஸ்னி கம்பெனியின் ஜாக் ஓடெல், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைக்கு மட்டுமே மகளின் பள்ளியில் அனுமதி என்பதால், குட்டி ரோடு ரோலர் ஒன்று செய்து கொடுத்தார். 1953இல் மேட்ச்பாக்ஸ் என்ற குட்டிக் கார் வரிசை வந்தது அந்த யோசனையிலிருந்துதான். பெட்டி அளவுக்கு வண்டியைச் சுருக்கியதால் பஸ்ஸும் காரும் ஏறக்குறைய ஒரே நீளம்! அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். அப்புறம், அடுக்கி மட்டும் வைக்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. நான் ஓட்டுவேன்.

கொல்லங்கோடு: மாமா எண்பதுகளில் கல்ஃபிலிருந்து கொண்டுவந்த ரிமோட் கார். பேட்டரி வைக்கும் இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஓடுமா?

நம் பக்கத்துப் புதையல் இதுதான். கல்ஃப் வீட்டு ஷோகேஸ்களில் இப்படி எத்தனையோ தூங்குகின்றன. ஆக்ரிக்காரரிடம் (பழைய சாமான் வாங்குபவரிடம்) போகும் முன் கேட்டு வாங்குங்கள். அல்கலைன் பேட்டரி கசிந்த பூப்பு என்றால் அது காரம். பஞ்சில் கொஞ்சம் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிடுங்கள். கையுறை போடுங்கள். பேட்டரி தொடும் தகடு அரித்துப் போயிருந்தால் ரேடியோ ரிப்பேர்காரர் வேறு வைத்துத் தருவார். ரிமோட்டின் பேட்டரி அறையையும் திறந்து பாருங்கள், அதை எல்லோரும் மறப்பார்கள். ஓட்டி முடித்ததும் இரண்டிலிருந்தும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

அதே நண்பர்: பக்கத்து வீட்டு ரிமோட்டுக்கும் என் கார் ஓடுகிறதே?

இரண்டும் 27 மெகாஹெர்ட்ஸில் ஒரே அலைவரிசையாக இருக்கும். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கார்களில் இந்தத் தொல்லை இல்லை. மாறி மாறி ஓட்டுங்கள், வேறென்ன.

கோவிந்தாபுரம்: பெயிண்ட் உரிந்த டிங்கி (பழைய பிரிட்டிஷ் உலோகப் பொம்மை) காருக்குப் புது பெயிண்ட் அடிக்கலாமா?

வேண்டாம். விலையும் போகும், வயதும் போகும்.

பொள்ளாச்சி: நம் நாட்டில் செய்தவற்றை யாராவது சேகரிக்கிறார்களா?

வெளிநாட்டுக்காரர்களே தேடுகிறார்கள். டிங்கியின் பழைய வார்ப்பு அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்கள் வெளிவந்தன. காரைத் திருப்பி அடித்தட்டைப் பாருங்கள். பெயரை மாற்றிய தடம் சிலவற்றில் தெரியும். பெயிண்ட் கொஞ்சம் கரடுமுரடுதான். எனக்கு அந்தக் கரடே பிரியம். லியோ பெயரில் வந்த இந்திய ஹாட் வீல்ஸ் குட்டிக் கார்களையும் விடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை: இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி ஒன்று தானாக விரிசல் விடுகிறது. மழைக்கால ஈரமா, சார்?

ஈரம் வேகப்படுத்தும், ஆனால் மூல காரணம் உலோகத்துக்குள்ளேயே இருக்கிறது. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அழுக்கு சேர்ந்தால் பல வருடம் கழித்து உப்பி, விரிசல் விட்டு, பிஸ்கட் மாதிரி உதிரும். மருந்து கிடையாது. எடுத்துக் கையாளாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள். மற்ற கார்களுக்குத் தொற்றாது. பாலக்காட்டு மழைக்கு அட்டைப்பெட்டிகள்தான் முதலில் பூசணம் பிடிக்கும், அலமாரியில் சிலிக்கா ஜெல் போடுங்கள்.

மீனாட்சிபுரம்: ஜப்பான் தமியா கம்பெனியின் கிராஸ்ஹாப்பர் ரிமோட் காரை "1984 ஒரிஜினல்" என்று விற்கிறார்கள். நம்பலாமா?

2005இல் அதை மறுபடி வெளியிட்டார்கள். பெட்டி எண்ணைப் பாருங்கள்: பழையது 58043, மறுவெளியீடு 58346. பெட்டி இல்லை என்றால் பழைய விலை கொடுக்காதீர்கள். வயலோரம் ஓட்டத்தான் ஆசை என்றால் மறுவெளியீடே போதும், உதிரிப்பாகமும் சுலபமாகக் கிடைக்கும்.