பட்டிமன்றம் வேண்டாம், தம்பி

கேள்வி: எங்கள் வாசிகசாலையில் மாதம் ஒரு கூட்டம் வைக்கிறோம். அடுத்த முறை 'பல்கலைக்கழகப் படிப்பு எதற்கு?' என்று ஊரைப் பேச வைக்க ஆசை. 'வேலைக்குத்தான், இதில் பேச என்ன இருக்கு?' என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: விட வேண்டாம் தம்பி. சிரிக்கிறவர்கள் மேல் கோபமும் வேண்டாம். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்கு முன்னால் பட்டதாரிகள் வேலை கேட்டு நாட்கணக்கில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். 'வேலைக்குத்தான்' என்பது பட்டறிந்து சொல்கிற பதில். அதிலிருந்தே தொடங்குங்கள்.

ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். 1981இல் வந்தாறுமூலையில், இன்று கிழக்குப் பல்கலைக்கழகமாக இருக்கிற பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அங்கே இருந்தவை விவசாயமும் விஞ்ஞானமும். வயலை நம்பி வாழும் மாவட்டத்தில் விவசாயம் முதலில் வந்தது சும்மா இல்லை. சரி, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவருக்கு அந்தப் படிப்பிலிருந்து என்ன வந்து சேர்ந்தது? அவரிடம் எதையாவது கேட்டுக்கொண்டு யாராவது போனார்களா? கூட்டத்தில் அவரே சொல்லட்டும்.

அப்புறம் பல்கலைக்கழக அனுமதி விஷயம். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அனுமதிக்குத் தேவையான குறைந்த புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, வந்ததும் யாருக்குக் கிடைத்தது, யாருக்குத் தவறியது என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. மாவட்டத்துக்கென்று ஒதுக்கிய இடத்தில் மருத்துவம் படித்த பிள்ளை, பிறகு அவுஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்டால்? ஊருக்கு அந்தப் பிள்ளை கடன்பட்டதா இல்லையா? கடன் உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. என் மகள் இல்லை என்கிறாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இது இன்னும் தீரவில்லை.

பட்டிமன்றமாக மட்டும் வைத்துவிடாதீர்கள். நடுவர் தீர்ப்புச் சொன்னதும் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடுவோம். பிரதம அதிதி, பொன்னாடை ஒன்றும் வேண்டாம். கதிரைகளை வட்டமாகப் போடுங்கள். வெட்டுப்புள்ளியில் தவறி மேசன் வேலைக்குப் போனவரும், பட்டம் முடித்துக் கடை நடத்துபவரும் முதலில் பேசட்டும். விரிவுரையாளர் வந்தால் அவர் கடைசியில். 'எனக்கென்ன தெரியும்' என்று யாராவது ஒதுங்கினால், 1945இலிருந்து இலவசம் என்று நாம் சொல்கிற இந்தக் கல்வி, அவர் கடையில் வாங்கும் சாமானுக்குக் கட்டுகிற வரியிலும்தான் நடக்கிறது என்று சொல்லுங்கள். கம்பஸ் வாசலை மிதிக்காதவருக்கும் கணக்குக் கேட்க உரிமை உண்டு.

நேரத்தை மட்டும் யோசித்து வையுங்கள். ரியூஷன் நேரத்தில் வைத்தால், யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அந்த உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஒருவர்கூட வரமாட்டார்கள்.