வெல்டிங் வயரா, வெல்டிங் புகையா?

கேள்வி: என்ர கணவர் களுவாஞ்சிக்குடியில கேற், கிறில் செய்யிற கடையில பன்னிரண்டு வருசமா வெல்டிங் வேலை செய்யிறார். வயரைத் தோளில சுத்திப் போட்டுக்கொண்டுதான் ஒட்டுவார். அந்தக் கரண்டின் காந்தப் புலத்தால் புற்றுநோய் வரும் எண்டு சொல்லுகினம். வேலையை விடச் சொல்லட்டோ, ஐயா?
— ஒரு வாசகி, மட்டக்களப்பு மாவட்டம்

பதில்: விடத் தேவையில்லை, தங்கச்சி. வயரைத் தோளிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், அவரின் முகம் புகைக்குள் இருக்கக்கூடாது.

ஏசி பிளான்டில் (மாறுதிசைக் கரண்டில் ஓடும் வெல்டிங் இயந்திரத்தில்) 130 அம்பியர் ஓடும் ஒற்றை வயரிலிருந்து 10 சென்ரிமீற்றரில் காந்தப் புலம் 260 மைக்ரோ டெஸ்லா. அரை மீற்றரில் 52தான். உடம்பில் ஒட்டி 2 சென்ரிமீற்றரில் கிடந்தாலோ 1300. தொழிலாளருக்கான சர்வதேச வழிகாட்டல் அளவு 1000. மூன்று சுற்றுச் சுற்றினால் புலமும் அதற்கேற்பக் கூடும். அந்த 1000 என்ற அளவும் நரம்பு, தசை தூண்டப்படாமல் இருக்க வைத்தது, புற்றுநோய்க்காக அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2002இல் இந்தப் புலத்தை 'சாத்தியம் இருக்கலாம்' என்ற வகுப்பில்தான் போட்டது. அதுவும் பெரும்பாலும் வீடுகளில் சிறுபிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயைப் பார்த்து.

அதே முகவரகம் 2017இல் வெல்டிங் புகையையும் வெல்டிங் சுடரின் புறஊதாக் கதிரையும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதியாகவே வகைப்படுத்தியது. ஊரில் பேச்செல்லாம் வயரைப் பற்றி. ஆபத்து புகையில் இருக்கிறது.

ரொட் வயரையும் (ஒட்டும் குச்சிக்குப் போவது) ஏர்த் வயரையும் (கரண்ட் திரும்பி வருவது) சேர்த்து ரேப் (ஒட்டுநாடா) சுற்றி, உடம்பின் ஒரே பக்கமாகக் கொண்டுவரட்டும். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் அருகருகே ஓடினால் புலம் பெருமளவு அடங்கிவிடும். ஆள் இரண்டுக்கும் நடுவில் நின்றால் அடங்காது. ஏர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குக் கிட்டவே கவ்வுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் இதய வைத்தியரைக் கேட்காமல் பிளான்டுக்குக் கிட்டப் போகவே கூடாது.

புகை நேரே மேலெழும்பும். குனிந்து ஒட்டுபவர் அதைத்தான் இழுக்கிறார். காற்று பக்கவாட்டில் வரும்படி நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஃபேன் வைத்தால் புகை முகத்துக்கு முன்னாலேயே சுழலும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியில் வைத்து ஒட்டுவதே நல்லது. கல்வனைஸ் பைப் என்றால் ஒட்டும் இடத்தின் நாகப் பூச்சை முதலில் உரசி எடுக்க வேண்டும். விட்டால் பின்னேரம் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். நுரையீரலுக்குள் போன புகையைப் பால் எடுக்காது. துணி முகக்கவசமும் உதவாது, நுண்துகளை வடிகட்டும் எஃப்எஃப்பி2 வகை வேண்டும். 130 அம்பியருக்கு வெல்டிங் கவசத்தின் கறுப்புக் கண்ணாடி 10ஆம் இலக்கம்.