மேலுதட்டு முடி: எடுக்கும் முன் தோலைப் பாருங்கள்

மேலுதட்டு முடியைப் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உண்மையில் முடியைப் பற்றியவை அல்ல. முடியை எடுத்த பிறகு வந்த பரு, புண், கறுப்பு பற்றியவை. நம் மாநிறத் தோலில் ஒரு சின்னச் சூடோ சிராய்ப்போ பட்டாலும் அது ஆறிய இடத்தில் கறுப்பு தங்கிவிடும். முடி மூன்று வாரத்தில் திரும்ப வரும். அந்தக் கறுப்பு போக மாதங்கள் ஆகும். கீழே உள்ள பதில்களை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எனக்கு 20 வயது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அப்பர் லிப் த்ரெட்டிங் செய்கிறேன். மறுநாளே சின்னச் சின்னப் பருக்கள் வருகின்றன, சிலவற்றில் சீழும் இருக்கிறது. நூலால் எடுத்து எடுத்துத்தான் முடி தடித்துவிட்டது என்று அம்மா சொல்கிறார். நிறுத்திவிடட்டுமா?
– கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

நிறுத்த வேண்டாம், முறையை மாற்றுங்கள். முடியை வேரோடு இழுக்கும்போது அது இருந்த குழி சில மணி நேரம் வாய் திறந்தபடி இருக்கும். நூலிலோ விரலிலோ வியர்வையிலோ இருக்கும் கிருமி அதற்குள் போய்விட்டால் மறுநாள் சீழ்ப் பரு. பல பார்லர்களில் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு எடுப்பார்கள். அவர் வாய் எச்சில் நூல் வழியே உங்கள் உதட்டுக்கு மேலே வருகிறது. நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டோ, இரண்டு கைகளில் வளையமாகக் கட்டிக்கொண்டோ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கண்டிலிருந்து புது நூலை உங்கள் கண் முன்னால் வெட்டட்டும். அவர் கையைச் சோப்பு போட்டுக் கழுவியபின் தொடங்கட்டும். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

முடி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளர்ந்திருந்தால்தான் நூல் அதைப் பிடிக்கும். அதற்கு முன்பே எடுத்தால் முடி பாதியில் அறுந்து, தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கட்டியாகும். பதினைந்து நாள் என்பதை மூன்று நான்கு வாரமாக்கினாலே பாதித் தொல்லை குறையும். எடுக்கும்போது மேலுதட்டைப் பல்லின் மேல் இறுக்கி மடித்துக்கொள்ளுங்கள், அல்லது நாக்கால் உள்ளிருந்து தள்ளிப் பிடியுங்கள். தோல் தளர்ந்திருந்தால் முடியோடு சேர்ந்து அதுவும் நூலில் சிக்கும். சிலருக்கு உதட்டுக்கு மேல் கோடு கோடாகக் கறுத்திருப்பது இப்படி அறுபட்ட தோல்தான்.

முடிந்ததும் சுத்தமான துணியில் சுற்றிய ஐஸை ஒரு நிமிடம் ஒற்றி எடுங்கள். வாசனை இல்லாத கற்றாழை ஜெல் கொஞ்சம் போதும். அன்று முழுக்க ஃபேஸ் பேக், ஸ்க்ரப், ஃபவுண்டேஷன், வெயில் எதுவும் வேண்டாம். மாலையில் செய்துகொண்டு வீட்டுக்குப் போவது நல்லது. பரு வந்துவிட்டால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஒரு நாளைக்கு மூன்று முறை ஒற்றுங்கள். பிதுக்கவே பிதுக்காதீர்கள். மூக்கும் மேலுதட்டும் சேர்ந்த இந்த முக்கோணத்தின் ரத்தக் குழாய்கள் மூளைக்கு அருகிலுள்ள குழாய்களோடு தொடர்புள்ளவை. இங்கே கிருமி பரவினால் ஆபத்து. வீக்கம் கண் பக்கம் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

நூலால் முடி தடிக்காது. ஷேவ் செய்தாலும் தடிக்காது. 1928இலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். முடியின் தடிமனைத் தீர்மானிக்கும் இடம் தோலுக்கு அடியில் இருக்கிறது, நாம் மேலே செய்வது அங்கே எட்டாது. பதின்வயதில் த்ரெட்டிங் தொடங்குகிறோம். அதே வருடங்களில்தான் ஹார்மோனால் முடி இயல்பாகவே அழுத்தமாகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதால் பழி நூலின் மேல் விழுகிறது.

இன்னும் 25 நாளில் எனக்குக் கல்யாணம். கால்களுக்கு வாங்கிய ஹேர் ரிமூவல் க்ரீமை மேலுதட்டில் போட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விட்டுவிட்டேன். எரிந்து, தோல் உரிந்து, இப்போது பழுப்பாகப் பட்டை போட்டதுபோல் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு தடவலாமா?
– வாசகி, ஈரோடு

தடவக் கூடாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் இன்னும் கறுக்கும், சிலருக்குக் கொப்பளமே வரும். பேஸ்ட், பேக்கிங் சோடா, ப்ளீச் எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அந்தக் க்ரீமில் இருப்பது தயோகிளைகோலேட் என்ற உப்பும் அது வேலை செய்யத் தேவையான காரமும். முடியில் உள்ள கெரட்டின் இழைகளைக் கட்டிவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது அறுத்துவிடுகிறது. முடி கூழாகிறது. முட்டை அழுகியதுபோல் ஒரு வாடை வருவதும் அந்தக் கந்தகத்தால்தான். தோலின் மேலடுக்கும் இதே கெரட்டினால் ஆனது என்பதால் நேரம் கூடினால் க்ரீம் முடியை முடித்துவிட்டுத் தோலில் கை வைக்கிறது. காலுக்கான க்ரீமின் வீரியம் முகத்துக்கு அதிகம்.

இப்போது செய்ய வேண்டியது: தோல் உரிந்த இடம் முழுதாக மூடும்வரை காலையும் இரவும் வாஸ்லின் மெல்லிசாகப் பூசுங்கள். வெறும் நீரில் கழுவுங்கள். மூடியபின் தினமும் காலையில் எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் போடுங்கள். மதியம் மறுபடி ஒருமுறை. இந்தக் கறுப்பு மங்க வெயில் படாமல் காப்பதுதான் முதல் வழி. தோல் மருத்துவரிடம் காட்டினால் அசெலாயிக் அமிலம் போன்ற ஏதாவது தருவார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ‘ஸ்கின் லைட்’ வகை மூன்று கலப்பு க்ரீம் மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து சிவந்து, நீங்கள் எடுக்க நினைத்த அதே முடியை வளர்க்கும். முகத்தில் முடி வளர்கிறது என்று எழுதுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தாங்கள் பூசும் சிவப்பழகு க்ரீமின் அட்டையில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டுகளின் பெயர்கள் இருக்கின்றனவா என்பதை.

25 நாளில் கறுப்பு முழுதும் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். நன்றாக மங்கும், மீதத்தை மேக்கப் மறைக்கும். கல்யாணத்துக்காக மறுபடி க்ரீமோ வேக்ஸோ வேண்டாம். தோல் முழுதாக ஆறியிருந்தால் இரண்டு நாள் முன்பு முகத்துக்கான சின்ன ரேசரால் மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை வழித்தெடுங்கள், போதும்.

இனி ஒருநாள் க்ரீம் பயன்படுத்தினால் முகத்துக்கு என்று எழுதியதையே வாங்கி, முந்தின நாள் தாடை ஓரத்தில் ஒரு பட்டாணி அளவு தடவி, அட்டையில் சொன்ன நேரம் வைத்துத் துடைத்து, 24 மணி நேரம் பாருங்கள். உதட்டின் சிவப்பு ஓரத்திலும் மூக்குத் துவாரத்தைச் சுற்றியும் முதலில் வாஸ்லின் பூசிக்கொள்ளுங்கள். போனில் டைமர் வையுங்கள். மூன்றாவது நிமிடம் ஒரு ஓரத்தில் துடைத்துப் பார்த்து, முடி வந்தால் அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் அட்டையில் போட்ட கடைசி நிமிடத்தைத் தாண்டாதீர்கள். தேய்க்காமல் ஈரத் துணியால் வழித்து, நிறைய நீரில் கழுவ வேண்டும். எரிச்சல் தொடங்கிவிட்டால் டைமரைப் பார்க்காதீர்கள், உடனே கழுவுங்கள்.

என் மகளுக்கு 12 வயது. மீசை இருக்கிறது என்று வகுப்பில் கேலி செய்கிறார்களாம். பள்ளிக்குப் போகவே அழுகிறாள். குப்பைமேனி, கஸ்தூரி மஞ்சள் அரைத்துப் போடச் சொல்கிறார் மாமியார். போடலாமா? இந்த வயதில் வேறு எதுவும் செய்யலாமா?
– ஒரு தாய், காரைக்குடி

உங்கள் மகளின் அழுகையைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காமல் எழுதினீர்களே, அதுவே பெரிய உதவி. ‘இதெல்லாம் பெரியவளானால் சரியாகிவிடும்’ என்று சொல்லிக் கடத்தாதீர்கள்.

மஞ்சளோ குப்பைமேனியோ முடியின் வேரை அழிப்பதில்லை. கடலை மாவோடு காயவைத்துத் தேய்த்து எடுக்கும்போது சில பூனை முடிகள் மாவோடு ஒட்டிப் பிய்ந்து வரும், அவ்வளவுதான். மாறாக, தினமும் தேய்க்கிற பிள்ளைகளின் மேலுதடு சொரசொரத்துக் கறுத்துவிடுகிறது. அந்தக் கறுப்பு தூரத்திலிருந்து மீசை போலவே தெரியும். குப்பைமேனி சிலருக்கு அரிப்பும் தடிப்பும் தரும்.

பூனை முடிதான் என்றால் முகத்துக்கான சின்ன ரேசர் போதும். வலி இல்லை, ரசாயனம் இல்லை. முகம் கழுவித் துடைத்து, கொஞ்சம் கற்றாழை ஜெல் பூசி, ஒரு கையால் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசையிலேயே, மூக்கடியிலிருந்து உதட்டை நோக்கிச் சின்னச் சின்னதாக வழியுங்கள். முதல் சில முறை நீங்களே செய்துவிடுங்கள். ரேசரைக் கழுவிக் காயவைத்து, அவளுக்கு மட்டும் என்று தனியாக வையுங்கள். ஐந்தாறு முறைக்குப் பின் தூக்கிப்போட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை தேவைப்படலாம். வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் தடவினால் சற்றுக் குத்தும், தடித்துவிட்டதாக அர்த்தமில்லை. ப்ளீச் வேண்டாம்: மாநிறத்தில் பொன் நிற முடி கறுப்பைவிட எடுப்பாகத் தெரியும்.

கேலி செய்த பிள்ளைகளைப் பற்றி வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். மகளுக்குத் தெரிந்தா தெரியாமலா என்பதை அவளிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

லேசர் செய்தால் ஒரேயடியாகப் போய்விடுமா? ‘ஆறு சிட்டிங், வாழ்நாள் முழுக்க முடி இல்லை’ என்று விளம்பரம் பார்த்தேன். நான் கொஞ்சம் கறுப்பு.
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

விளம்பரம் சொல்வதுபோல் இல்லை. லேசர் முடியை நிரந்தரமாகக் ‘குறைக்கும்’. ஒன்றுகூட இல்லாமல் ஒழிக்கும் என்று எந்த நேர்மையான மருத்துவரும் எழுதித் தர மாட்டார். பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து எட்டு சிட்டிங், நான்கிலிருந்து ஆறு வார இடைவெளியில் தேவைப்படும். பிறகும் ஆண்டுக்கு ஓரிரு முறை. லேசர் வளரும் கட்டத்தில் இருக்கும் முடியை மட்டுமே தாக்கும், உறங்கும் முடி அடுத்த முறைதான் அகப்படும். அதனால்தான் இத்தனை முறை.

உங்கள் நிறத்துக்கு முக்கியமான கேள்வி எந்தக் கருவி என்பது. லேசர் கறுப்பு நிறமியைத் தேடிப் போய்ச் சூடாக்குகிறது. முடியிலும் அது இருக்கிறது, நம் தோலிலும் இருக்கிறது. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசரைத் தோலின் நிறமி குறைவாகவே உறிஞ்சும், அது ஆழத்தில் உள்ள வேருக்குப் போகும். கறுத்த தோலுக்கு அதுவே பாதுகாப்பானது. 800 நானோமீட்டரை ஒட்டிய டயோடு லேசரையும் நல்ல குளிரூட்டியோடு, அனுபவமுள்ளவர் கையில் பயன்படுத்தலாம். 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் வெளிர்நிறத் தோலுக்கானது. ‘என்ன மெஷின், என்ன அலைநீளம், செய்யப்போவது யார்’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் படுக்காதீர்கள். காதுக்கு முன்னால் ஒரு சின்ன இடத்தில் சோதித்துச் சில நாள் பார்த்த பிறகே உதட்டுக்கு வர வேண்டும். இருவர் கண்ணுக்கும் கண்ணாடி கட்டாயம். பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே ஈரமான காஸ் துணி வைத்தால் பல் கூச்சம் குறையும்.

முன்தயாரிப்பு: நான்கு வாரத்துக்கு த்ரெட்டிங், வேக்ஸிங், ப்ளக்கிங் கூடாது. வேர் இருந்தால்தான் லேசருக்கு இலக்கு. முந்தின நாள் ஷேவ் செய்துகொள்ளுங்கள். உதட்டோரம் அடிக்கடி ‘அக்கி’ போல் நீர்க்கொப்பளம் வருபவர் என்றால் முன்பே சொல்லுங்கள், லேசரின் சூட்டில் அது மறுபடி கிளம்பும். தடுப்பு மாத்திரை தருவார்கள். கர்ப்பிணிகள் தள்ளிப் போடுவதே நல்லது.

விளம்பரத்தில் வராத ஒன்று: லேசரால் சிலருக்கு முடி கூடும். முகத்தில் மெல்லிய பூனை முடி மட்டும் இருந்து, ஹார்மோன் கோளாறும் இருப்பவர்களுக்கு, லேசர் பட்ட இடத்தைச் சுற்றி அது தடித்துக் கறுப்பாகிறது. நம் தெற்காசியப் பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. என் கருத்து தெளிவானது: தடித்த கருமுடிக்கு லேசர் நல்ல வழி, பூனை முடிக்கு வேண்டவே வேண்டாம்.

29 வயது. ஒரு வருடமாக மேலுதட்டில் மட்டுமின்றித் தாடையிலும் தடித்த முடி. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். எந்த க்ரீம் நல்லது?
– வாசகி, திருநெல்வேலி

க்ரீமுக்கு முன் மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பது நாம் பி.சி.ஓ.டி, நீர்க்கட்டி என்று சொல்வதன் அறிகுறி. மேலுதடு, தாடை, மார்பு, வயிறு, தொடை என்று ஒன்பது இடங்களுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு முடியின் அளவைக் கணிப்பார்கள். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், அதிகாலையில் எடுக்கும் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்ட்ரோன் ஆகியவை வழக்கமான ரத்தப் பரிசோதனைகள். சர்க்கரையும் பார்ப்பது நல்லது. மாத்திரை தொடங்கினாலும் முடியில் மாற்றம் தெரிய ஆறு மாதம் ஆகும். இரண்டாவது மாதமே பலன் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள். இதற்குத் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. எஃப்லார்னிதின் 13.9% க்ரீம் முடியை எடுக்காது, வளரும் வேகத்தைக் குறைக்கும். எட்டு மணி நேர இடைவெளியில் நாளைக்கு இரண்டு முறை பூச வேண்டும். நான்கு மாதத்தில் பலன் தெரியாவிட்டால் விட்டுவிடலாம்.

முடி சில மாதத்துக்குள் மளமளவென்று பெருகி, குரலும் ஆண் குரல்போல் தடித்து, தலைமுடி முன்பக்கம் கொட்டினால் காத்திருக்காதீர்கள். சினைப்பையிலோ அட்ரினலிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

பருவுக்கு இரவில் அடாபலீன் ஜெல் போடுகிறேன். மேலுதட்டுக்கு வேக்ஸ் செய்யலாமா?
– வாசகி, புதுச்சேரி

ஜெல்லை நிறுத்தி ஒரு வாரமாவது ஆகாமல் கூடாது. அது தோலின் மேலடுக்கை மெலிதாக்கி வைத்திருக்கும், வேக்ஸ் பட்டையோடு தோலும் உரிந்து வரும். பருவுக்கான ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் என்றால் நிறுத்தி ஆறு மாதம் வரை வேக்ஸ் பக்கம் போக வேண்டாம். அதுவரை ரேசர்.

54 வயதில் உதட்டோரம் நாலைந்து முரட்டு வெள்ளை முடி. லேசர் பிடிக்குமா?
– வாசகி, கும்பகோணம்

பிடிக்காது, நிறமி இல்லாத முடி லேசரின் கண்ணுக்குத் தெரியாது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இப்படி வருவது சகஜம். நாலைந்துதானே, ஸ்பிரிட்டில் துடைத்த ட்வீசரால் முடி வளரும் திசையில் இழுத்து எடுத்துவிடுங்கள். அடியோடு போக வேண்டுமானால் எலக்ட்ராலிசிஸ் செய்யும் தோல் மருத்துவரைக் கேளுங்கள். ஒவ்வொரு முடிக் குழிக்குள்ளும் மெல்லிய ஊசியை விட்டு மின்சாரத்தால் வேரைப் பொசுக்குவார்கள். எந்த நிற முடிக்கும் ஆகும். ஒரே முடிக்கு இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். ஊசி ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிரிக்கப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.