வயிற்றில் இருக்கும் எச்.பைலோரி கிருமி உண்மையிலேயே புற்றுநோயை உண்டாக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது: அப்பாவுக்கு எண்டோஸ்கோபி செய்ததில் எச்.பைலோரி இருப்பதாக வந்திருக்கிறது. மருத்துவர் 14 நாள் மாத்திரை எழுதியிருக்கிறார். "உலகத்தில் பாதிப் பேருக்கு இது இருக்கிறது, காரத்தைக் குறைத்தால் போதும்" என்று உங்கள் மாமா சொல்கிறார். ஒரு பாக்டீரியாவால் எப்படிப் புற்றுநோய் வர முடியும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அப்பா ஐம்பதைத் தாண்டியவர், பல ஆண்டுகளாகக் காலையில் வெறும் வயிற்றில் அசிடிட்டி மாத்திரை போட்டுக்கொள்பவர் என்று நானாகவே ஊகித்துக்கொள்கிறேன். மாத்திரையை ஒரு நாளும் விடாமல் முடிக்கச் சொல்லுங்கள் என்பதே என் பதில். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

நான் மருத்துவர் இல்லை. நுண்ணுயிரியல் படித்து, ஓர் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் இதே கிருமியை வளர்த்து, இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இணையத்தில் வைத்தியம் பார்க்காதே என்று சண்டைக்கு வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மருத்துவர் எழுதிக் கொடுத்ததைச் சாப்பிடுங்கள் என்று சொல்வது வைத்தியம் பார்ப்பதாகாது.

"காரத்தைக் குறைத்தால் போதும்" என்ற அந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. எங்கள் ஊர் பரமக்குடிப் பக்கம். குழம்புக்கு முண்டு வத்தல் அரைத்து ஊற்றுவது அங்கே அன்றாடம். என் அப்பாவுக்கு இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் என்று மதுரையில் சொன்னபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக அவரைப் பார்க்க வந்த உறவினர்களில் பாதிப் பேர், நோயை விட்டுவிட்டு அம்மாவின் சமையலைத்தான் விசாரித்தார்கள். "இம்புட்டுக் காரம் போட்டா குடல் வெந்துதானே போகும்" என்று பெரிய அத்தை சமையலறை வாசலில் நின்று, அம்மாவின் காதில் விழும்படியே சொன்னார். அம்மா பதில் பேசவில்லை. அம்மியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்பா இருந்தவரை பத்தியச் சமையல் மட்டுமே செய்தார். அப்பா இறந்த பிறகும் அந்தப் பேச்சு எங்கள் குடும்பத்தில் ஓயவில்லை.

கல்லூரியில் சேர்ந்த பிறகு அப்பாவின் மருத்துவக் காகிதங்கள் இருந்த மஞ்சள் பையை ஒருநாள் பிரித்துப் பார்த்தேன். புற்றுநோய்க்குப் பல ஆண்டுகள் முன்பு, 1990களின் இறுதியில், வேறொரு மருத்துவமனையில் எடுத்த எண்டோஸ்கோபி அறிக்கை ஒன்று அதில் இருந்தது. படத்துக்குக் கீழே "ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்", அதாவது இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அழற்சி, என்று தட்டச்சில் இருந்தது, அதற்கும் கீழே நீல மையில் "ஆர்.யூ.டி. பாசிட்டிவ்" என்று கையால் எழுதியிருந்தார்கள். ஆர்.யூ.டி. என்பது எச்.பைலோரிக்கான சோதனை. இரைப்பையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் திசுவைக் கிள்ளி, யூரியா கலந்த மஞ்சள் நிற ஜெல்லில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கும்; ஜெல் இளஞ்சிவப்பாக மாறும். அப்பாவுடைய ஜெல் மாறியிருக்கிறது. ஆனால் மருந்துச் சீட்டில் இருந்தது ஓர் அமிலக் குறைப்பு மாத்திரையும், காரம் புளியைக் குறைக்கவும் என்ற அறிவுரையும் மட்டுமே.

அந்த மருத்துவரை நான் தூற்றப் போவதில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியை 1994-லேயே முதல் வகை, அதாவது மனிதருக்கு உறுதியான, புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது என்றாலும், அன்றைய வழிகாட்டுதல்கள் அல்சர் இருப்பவர்களுக்கு அதை ஒழிப்பதில்தான் அழுத்தம் கொடுத்தன. கிருமி இருக்கும் எவருக்கும், தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தக்க காரணம் தடுக்காத வரை சிகிச்சை அளிக்க வேண்டும் என்ற கியோட்டோ ஒருமித்த அறிக்கை 2015-இல்தான் வந்தது. ஆனாலும் நீல மையில் எழுதிய அந்த இரண்டு வார்த்தைகளுக்கு என்ன பொருள் என்று அப்பாவிடம் யாரும் ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் உண்டு.

இனி உங்கள் கேள்வி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியை முதன்முதலாக 1982-இல் வளர்த்தெடுத்தார்கள். ஈஸ்டர் விடுமுறையால் கிருமி வளர்க்கும் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் அடைகாப்பில் கிடந்ததால்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது. அத்தனை மெதுவாக வளரும் கிருமி இது. வளர்த்தவளாகச் சொல்கிறேன், பொறுமையை நன்றாகவே சோதிக்கும். 1984-இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, சில நாட்களிலேயே இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மார்ஷலுக்குச் சில நாட்களில் வந்தது அழற்சி. புற்றுநோய்க்கோ பல பத்தாண்டுகள் பிடிக்கும். இந்தக் கால இடைவெளியில் செல்களுக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் நீங்கள் கேட்டதற்கு விடை இருக்கிறது.

எச்.பைலோரி யூரியேஸின் உதவியால் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு, வால் இழைகளால் நீந்தி, இரைப்பைச் சுவரின் மேலுள்ள சளிப் படலத்துக்குள் புகுந்துவிடுகிறது. பெரும்பாலும் செல்லுக்குள் அது நுழைவதில்லை. வெளியே ஒட்டிக்கொண்டபடியே செல்லின் உள்விவகாரங்களில் கை வைக்கிறது. எல்லா எச்.பைலோரியும் ஒன்றல்ல. சில வகைகளிடம் 'காக் தீவு' என்ற, சுமார் 30 மரபணுக்கள் கொண்ட தொகுதி ஒன்று இருக்கிறது. அந்தத் தொகுதி உள்ளவை ஊசி போன்ற நுண்குழாயைக் கட்டி, அதன் வழியே 'காக்-ஏ' என்ற புரதத்தை நம் இரைப்பைச் செல்லுக்குள் செலுத்துகின்றன.

உள்ளே போன காக்-ஏ செல்லின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. நம்முடைய செல்லிலேயே இருக்கும் சார்க், ஏபிள் என்ற நொதிகள் அதை நம் புரதம் போலவே கருதி அதன்மேல் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பாஸ்பேட் ஏறிய காக்-ஏ, 'ஷிப்-2' என்ற நம் நொதியைப் பிடித்து முடுக்கிவிடுகிறது. வளர்ச்சிக் காரணி ஒன்று வெளியிலிருந்து வந்து தட்டினால் மட்டுமே ஓட வேண்டிய, செல்லைப் பெருகச் சொல்லும் ராஸ், எர்க் சமிக்ஞைத் தொடர், யாரும் தட்டாமலே ஓடத் தொடங்குகிறது. பாஸ்பேட் ஏறாத காக்-ஏயும் சும்மா இருப்பதில்லை: பக்கத்துச் செல்லோடு இறுக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகளைத் தளர்த்துகிறது, செல்லுக்கு மேல் எது, கீழ் எது என்ற திசையுணர்வைக் குலைக்கிறது, செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேடெரினோடு பிணைந்து சவ்வோரம் இருக்க வேண்டிய பீட்டா-கேட்டெனின் என்ற புரதத்தை விடுவித்து, அது உட்கருவுக்குப் போய் மரபணுக்களை இயக்க வழி செய்கிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. ஏ.ஜி.எஸ். என்ற இரைப்பைச் செல் வகையைத் தட்டில் வளர்த்து, அதன்மேல் இந்தக் கிருமியை விட்டுச் சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்ப்போம். அதுவரை அருகருகே பலகோண வடிவில் படுத்திருந்த செல்கள், ஒன்றைவிட்டு ஒன்று விலகி, ஒரு பக்கம் மெல்லிய நீண்ட முனையை நீட்டிக்கொண்டிருக்கும். ஓசனிச்சிட்டின் அலகு மாதிரி இருப்பதால் ஆய்வாளர்கள் அந்தப் பறவையின் பெயரையே இந்தத் தோற்றத்துக்கு வைத்துவிட்டார்கள். காக்-ஏ மரபணுவை நீக்கிய அதே கிருமியை அடுத்த தட்டில் விட்டால் செல்கள் அப்படி நீள்வதில்லை. முதன்முறை இரண்டு தட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது பெரிய அத்தையை அழைத்து வந்து காட்ட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தத் தட்டில் மிளகாய் இல்லை.

ஏ.ஜி.எஸ். ஏற்கெனவே புற்றுநோய்ச் செல்தானே, தட்டில் நடப்பது வயிற்றில் நடக்குமா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜப்பானில் ஹத்தகெயாமா குழுவினர் காக்-ஏ மரபணுவை மட்டும் எலிகளுக்குள் வைத்து 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிருமியே இல்லாத அந்த எலிகளில் சிலவற்றுக்கு இரைப்பையிலும் சிறுகுடலிலும் புற்றுக்கட்டிகள் வந்தன. பாஸ்பேட் ஏற முடியாதபடி மாற்றிய காக்-ஏயை வைத்த எலிகளுக்கு வரவில்லை. சமிக்ஞையைக் கெடுப்பதே ஒரு குற்றம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து குறைவு.

ஆனால் மனிதர்களில் பெரிய பங்கு அழற்சிக்கே என்று நான் நினைக்கிறேன். அதே நுண்குழாய் வழியே கிருமியின் சுவர்த் துணுக்குகளும் சில சர்க்கரை மூலக்கூறுகளும் செல்லுக்குள் கசிகின்றன. அவற்றை உணர்ந்த செல், என்.எஃப்.-கப்பா-பி என்ற அபாயச் சமிக்ஞையை எழுப்பி, வெள்ளணுக்களை அழைக்கும் இன்டர்லூக்கின்-8 என்ற புரதத்தைச் சுரக்கிறது. வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. அவை பொழியும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள், சளிக்குள் பதுங்கிய கிருமியை ஒழிப்பதில்லை; நம் செல்களின் டி.என்.ஏ.வைத்தான் காயப்படுத்துகின்றன. செல் சாகிறது, புதுச் செல் பிரிந்து அந்த இடத்தை நிரப்புகிறது, காயமுற்ற டி.என்.ஏ.வும் சேர்ந்து படியெடுக்கப்படுகிறது. சிறுவயதில் தொற்றும் இந்தக் கிருமி தானாகப் போவது அரிது என்பதால், இது ஐம்பது அறுபது ஆண்டுகள் இடைவிடாமல் நடக்கக்கூடும். நாள்பட்ட அழற்சி, சுரப்பிகள் தேய்தல், இரைப்பைத் திசு குடல் திசுவைப் போல் மாறுதல், பிறழ் வளர்ச்சி, கடைசியில் புற்று என்ற படிவரிசையைக் கொலம்பிய நோய்க்குறியியலாளர் பெலாயோ கொரெயா 1970களிலேயே வகுத்துவிட்டார். அதைத் தொடங்கிவைப்பது எது என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தப் படிவரிசையில் ஒரு விசித்திரம் உண்டு. சுரப்பிகள் தேய்ந்து, அமிலம் குறைந்து, திசு மாறிய பிறகு அந்த இரைப்பை எச்.பைலோரிக்கே ஏற்ற இடமாக இருப்பதில்லை. புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் கிருமி காணாமலே போயிருக்கலாம். அப்பாவின் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பயாப்சி அறிக்கையில் கிருமி தென்படவில்லை என்றுதான் இருந்தது. "பார்த்தியா, கிருமியும் இல்லை ஒன்றும் இல்லை" என்று சித்தப்பா அதைக் காட்டி வாதாடினார். பழைய அறிக்கையில் அது இருந்ததையும், கடைசி அறிக்கையில் இல்லாததையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் விளங்கும்.

பயப்பட வேண்டுமா என்றால், அளவாக. ஜப்பானில் உவெமுரா குழு 1,526 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது; கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அதாவது, தொற்று உள்ளவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு வரவில்லை. உங்கள் மாமா சொல்வதில் இவ்வளவு உண்மை இருக்கிறது. சிறுகுடல் தொடக்கத்தில் அல்சர் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அவர்களுக்கு அழற்சி இரைப்பையின் கீழ்ப்பகுதியோடு நின்று, அமிலம் குறையாமல் கூடியிருக்கும்.

இந்தியாவில் தொற்று மிகப் பரவலாக இருந்தும் இரைப்பைப் புற்றுநோய் ஜப்பான், கொரியா அளவுக்கு இல்லை. அங்குள்ள காக்-ஏ, ஷிப்-2 ஐ இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் வகை என்பது ஒரு விளக்கம். அது மட்டுமே முழு விளக்கமாகாது. இந்தியாவுக்குள்ளேயே மிசோரத்தில் இந்த நோய் மிக அதிகம். அங்கே புகையூட்டிய இறைச்சியும், புகையிலைப் புகையைக் கரைத்த நீரும் பழக்கத்தில் உண்டு. எனவே உணவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். உப்பில் ஊறிய உணவுக்கும் புகையிலைக்கும் எதிரான சான்று வலுவானது. கருவாடும் ஊறுகாயும் தினமும் தட்டில் இருந்தால் குறைக்கத்தான் வேண்டும். மிளகாயைப் பற்றிய ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அத்தகைய சான்றை வைத்து ஒரு பெண்மணியின் வாழ்நாள் முழுதும் பழி சுமத்த எவருக்கும் உரிமை இல்லை.

சிகிச்சையால் பயன் உண்டா என்பதற்குக் கொரியாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு ஒரு சான்று; அது என் குடும்பத்துக்கே பொருந்தும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்த, கிருமியும் இருந்த 1,676 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் மருந்துப் பிரிவில் 1.2 சதவீதத்தினருக்கும், போலி மாத்திரைப் பிரிவில் 2.7 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. இதைப் படித்த வாரமே நானும் தம்பியும் பரிசோதனை செய்துகொண்டோம். எனக்கு இருந்தது. வாய் கசந்து, சோறு இறங்காமல், மாத்திரைகளை முடித்தேன். உங்கள் அப்பாவும் நான்காம் நாளே நிறுத்திவிடலாமா என்று கேட்பார், விடாதீர்கள். பாதியில் விட்டால் மிஞ்சும் கிருமி அந்த ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாததாகிவிடலாம், அடுத்த சுற்று இன்னும் கடினமாக இருக்கும்.

சிகிச்சை முடிந்த பின் கிருமி போய்விட்டதா என்று உறுதிசெய்வதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆன்டிபயாட்டிக் முடிந்து நான்கு வாரமாவது கழிய வேண்டும். அசிடிட்டி மாத்திரையை, மருத்துவர் சம்மதத்தோடு, சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டே சோதித்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். மருந்துக்கடையில் மிட்டாய் போல் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கும் அந்த மாத்திரை எரிச்சலை அடக்குமே தவிர, கிருமியை ஒழிக்காது. பயாப்சியில் குடல் திசு மாற்றம் இருப்பதாக எழுதியிருந்தால், கிருமி போன பிறகும் எண்டோஸ்கோபியை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று கேட்டு வையுங்கள். உறுதிசெய்ய யூரியா மூச்சுச் சோதனையோ மலத்தில் ஆன்டிஜென் பார்க்கும் சோதனையோ போதும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் சோதனையை இதற்காக எடுக்க வேண்டாம். கிருமி போய்ப் பல மாதங்கள் ஆன பிறகும் அது பாசிட்டிவ் என்றே காட்டும்.