பக்கத்துக் கதவு எண்டு சொல்லும்

தம்பி, உம்மோடை அறையிலை இருக்கிற பெடியன் மயங்கி விழ, முதல்லை ஃபயர் வண்டி வந்ததாம், பிறகு அம்புலன்ஸ் வந்ததாம், நெஞ்சிலை வயர் ஒட்டி ஈ.சி.ஜி எடுத்த பிள்ளை டொக்டரோ நேர்ஸோ எண்டு கேட்டிருக்கிறீர்.

இரண்டும் இல்லை, பராமெடிக்: அம்புலன்ஸிலை வந்து அவசர சிகிச்சை குடுக்கப் படிச்ச ஆள். அமெரிக்கப் படங்களிலை வாற ஈ.எம்.ரி எண்ட பேர் கனடாவிலை, இந்த ஒன்ராறியோ மாகாணத்திலை புழக்கத்திலை இல்லை. இங்கை கூடுதலா வாறவை பிரைமரி கெயார்காரர்: கொலிஜ்ஜிலை இரண்டு வருஷம் படிச்சு, மாகாணச் சோதினை எழுதினவை. அதுக்கு மேலை படிச்சால் அட்வான்ஸ்ட் கெயார்; கூட மருந்து குடுப்பினம், தொண்டைக்குள்ளை குழாய் விடுவினம். ஹெலிகொப்டரிலை வாற கிரிட்டிக்கல் கெயார்காரர் இன்னும் ஒரு படி மேலை. ஃபயர்காரர் பக்கத்திலை இருந்து கெதியா வந்திடுவினம், இதயத்துக்கு ஷொக் குடுக்கிற மெஷினும் வைச்சிருப்பினம். ஆரையும் 'அம்புலன்ஸ் டிரைவர்' எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும். அந்தப் படிப்புக்கு எப்பிடிச் சேருறது எண்டதைக் கொலிஜ்ஜிலையே கேளும்.

எனக்குச் சுட்டது உம்மடை கடைசி வரி. 'அடுத்த முறை ஊபரிலை கொண்டுபோ, காசு மிச்சம் எண்டு ஒரு அண்ணை சொன்னார்.' அந்த அண்ணை மாதிரி எத்தினை பேரைப் பாத்திட்டன். மூண்டு வீடு வாங்கியிருப்பினம், 45 டொலருக்கு மூக்காலை அழுவினம். ஓஹிப் கார்ட், அதுதான் மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டை, இருந்தால் அம்புலன்ஸுக்கு அவ்வளவுதான். கார்ட் இல்லாட்டியோ, அம்புலன்ஸ் தேவையில்லை எண்டு டொக்டர் முடிவெடுத்தாலோ 240. வந்தவை கையிலை காசு கேக்க மாட்டினம், பில் பிறகு ஆஸ்பத்திரியிலையிருந்து வரும். நெஞ்சுநோ எண்டால் அந்த ஈ.சி.ஜியைப் பாத்து, இரத்தக்குழாய் அடைப்பை எடுக்கிற வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேரை விடுவினம். ஊபர்காரனுக்கு அது தெரியுமோ?

மற்றப் பக்கமும் ஆக்கள் இருக்கினம். அம்புலன்ஸிலை போனால் வரிசையிலை முந்தலாம் எண்டு பல்லுக்குத்துக்குக் கூப்பிட்ட ஒருத்தரை எனக்குத் தெரியும். எமேர்ஜென்சியிலை நேர்ஸ் 1 இலையிருந்து 5 வரை தரம் பிரிப்பா. 5 எண்டால் அவசரம் ஆகக் குறைவு, எதிலை வந்தாலும் கதிரையிலை இருந்து காத்திருக்கிறதுதான். அந்த மாதிரி விசயத்துக்கு 811 அடிச்சு நேர்ஸோடை கதைக்கலாம்.

அவசர நம்பர் 911 அடிச்சால் பொலிஸோ, ஃபயரோ, அம்புலன்ஸோ எண்டு கேப்பினம். அடுத்தது விலாசம். இங்கிலீஷ் தடக்கினால் 'தமிழ்' எண்டு சொல்லும், மொழிபெயர்க்கிற ஆளை லைனிலை எடுப்பினம். வீட்டுக்குக் கீழை இருக்கிற பேஸ்மென்ற் எண்டால், வாசல் முன்கதவு இல்லை, அதே வீட்டின்ரை பக்கவாட்டிலை இருக்கிற பக்கத்துக் கதவு எண்டு கட்டாயம் சொல்லும்.

நான் அதைச் சொல்லேல்லை. 1990 தை மாசம், ஸ்காபரோவிலை ஒரு பேஸ்மென்றிலை ஏழு பெடியள் இருந்தம். ஒருத்தனுக்கு நடுச்சாமத்திலை முட்டு இழுத்து, உதடு நீலம் பாய்ஞ்சிட்டுது. பாடமாக்கின இங்கிலீஷிலை வீட்டு நம்பரை மட்டும் சொல்லிப்போட்டு வைச்சிட்டன். கொஞ்ச நேரத்திலை முன்கதவு பெல் அடிக்குது, அடிக்குது. மேல்வீட்டுக்காரன் இரவு வேலை. நாங்கள் கீழை இருந்துகொண்டு, அது மேல்வீட்டுக்கு ஆரோ வந்திருக்கினம் எண்டு பேசாமல் இருக்கிறம்! அகதி வழக்கு முடியாத காலம், யூனிஃபோம் போட்ட ஆரைக் கண்டாலும் பயம். ஒருத்தன் லைற்றைக்கூட நிப்பாட்டிப்போட்டான்.

பிறகுதான் மண்டையிலை தட்டிச்சுது. பக்கத்துக் கதவாலை ஓடிப்போய்க் கையைக் காட்டினன். வந்தவரிலை ஒரு நெடுவல் மனிசன், முகட்டிலை தலை இடிக்காமல் குனிஞ்சு வந்து, முகமூடி போட்டு ஒக்சிஜன் குடுத்தார். பிறகு என்ரை காலைக் காட்டி ஏதோ கேட்டார். 'ஷூஸ்' எண்டது மட்டும்தான் விளங்கிச்சுது. குனிஞ்சு பாத்தால் வெறுங்கால், விரலெல்லாம் பனி.

முட்டு இழுத்தவனைக் கதிரையிலை கட்டி அந்த ஒடுங்கின படியாலை தூக்கிக்கொண்டு போகேக்கை, அவன் முகமூடியை விலத்திப்போட்டு எங்களைப் பாத்துச் சொன்னான்: 'கதவைச் சாத்துங்கோடா, ஹீற் எல்லாம் போகுது.'